போடுறதுண்டா என்று கேட்டேன்

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். பள்ளிக்கூடங்களில் பல் முகாம் நடத்தினால் இனிமேல் காகிதம் கிடையாதாம். கையில் ஒரு தொடுதிரை டேப் கொடுத்திருக்கிறார்கள். பேர், வயது, அதற்குக் கீழே ‘புகையிலைப் பழக்கம்: ஆம், இல்லை’ என்று இரண்டு கட்டம். ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். “தெரியலைன்னா என்ன மேடம் பண்றது?” என்று கேட்டாள். “தெரியலைங்கிறதுக்கு ஒரு கட்டம் வேணும்னு எழுதிக் கேளு” என்றேன். “அதெல்லாம் யாரு மேடம் கேப்பாங்க” என்றாள். அது ஏன் வேண்டும் என்று போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் டென்டல் ஹைஜீனிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பல் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. ஊத்தையும் கறையும் எடுப்பது என் வேலை. அரசாங்கம் கொடுத்த பதவிப் பெயரை ஒரு ஆளாவது சரியாகச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பல்லு வெளக்குற சிஸ்டர்’ என்பார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும், பிறகு பழகிவிட்டது. மெட்ராஸில் இரண்டு வருஷம் படித்தேன். முதலில் பிளாஸ்டர் பல்லைச் சுரண்டினோம், அடுத்து ஒருத்தி வாயை ஒருத்தி சுரண்டினோம், சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே மூன்று ஊர். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளிக்கூடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகிற தப்பு என்னுடையது, கட்டடங்களுக்கு அதில் பங்கில்லை.

கறையைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கும் எண்ணமே தனி. சோறு கறை பிடிக்காது என்று நினைப்பார்கள், ஆனால் அந்தச் சோற்றோடு சேர்கிற மஞ்சளும் புளிக்குழம்பும் பிடிக்கும். டீ பிடிக்கும், காப்பி பிடிக்கும், கறுப்புக் குளிர்பானம் பிடிக்கும். நாவல்பழம் அன்றைக்கு நாக்கை ஊதாவாக்கிவிட்டுப் போய்விடும், டீ அப்படிப் போகாது. அதில் இருக்கிற துவர்ப்புதான் பல்லில் ஒட்டுகிறது. குடித்தவுடன் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பாதிக் கறை குறையும். இதை நான் எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு பத்துப் பேர் செய்திருந்தால் அதிகம். கறை எடுத்தால் பல் ஆடும் என்று பயந்து பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. சவுதியில் இருந்து லீவில் வந்த ஒருவர் கல்யாணத்துக்குள் பல் பளிச்சென்று ஆகவேண்டும் என்று தினமும் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துவிட்டு வந்தார். மேல்பூச்சு கரைந்து உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே தெரிந்தது. “இன்னும் தேச்சா வெளுக்குமா சிஸ்டர்?” என்றார். “இன்னும் தேச்சா பல்லே இருக்காது” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

கடைசியாக நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எனக்கு நேர் எதிர். அதிர்ந்து பேசமாட்டார். கூட்டுகிற அம்மாவில் இருந்து கலெக்டர் ஆபீஸ் ஆள் வரை எல்லோருக்கும் ‘ங்க’தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். சாதாரண நாளில் நான் அவருக்கு மல்லிகா. ஏதாவது சரியில்லை என்றால் மல்லிகாம்மா. மேடம் என்று கூப்பிட்டுவிட்டார் என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

நான் போய்ச் சேர்ந்த முதல் நாளே ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டிருந்தது. இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘சொன்னது’. “கறையப் பாக்குறது கண்ணு வேலைங்க. பழக்கத்தக் கேக்குறது காது வேலை. ரெண்டையும் சேத்து எழுதிறாதீங்க” என்றார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதன் அர்த்தம் சீக்கிரமே புரிந்தது. கீரமங்கலம் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். பிள்ளைக்கு முன்பல் எல்லாம் கறுப்பு. “பூச்சி அரிச்சுருச்சு சிஸ்டர், எல்லாத்தையும் எடுத்துவிட்ருங்க, வேற முளைக்கட்டும்” என்றார். நானும் பூச்சிப்பல் என்று எழுதப் போனேன். டாக்டர் பஞ்சால் பல்லைத் துடைத்தார், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். எங்கேயும் குழி இல்லை. “பிள்ளைக்கு ஏதாச்சும் டானிக் குடுக்குறீங்களாங்க?” என்று கேட்டார். ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அந்த அம்மா அதை முன்பல்லில் பட்டு வழிகிற மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தார். பல்லை லேசாகத் தேய்த்துவிட்டோம், வெள்ளையாகிவிட்டது. மருந்தை நாக்குக்குப் பின்னால் விடுங்கள், உடனே தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு பல்லும் பிடுங்கவில்லை.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். தெரிந்துதான் அடைக்கலம் என்கிற ஒரு மனுஷனுக்கு அந்த வேலையைச் செய்தேன்.

கீரனூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் முகாம். டாக்டருக்கு அன்றைக்குக் கோர்ட்டில் சாட்சி, அதனால் நான் தனியாகப் போயிருந்தேன். காலையில் இருந்து பிள்ளைகளாகப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து விட்டுப்போச்சு. மூன்றரை மணிக்கு ஹெட்மாஸ்டர் வந்து, “நம்ம ஸ்டாப்பையும் ஒரு பார்வை பாத்துருங்க மேடம்” என்றார். பேர் எழுதிய தாளைக் கொடுத்தார். பேருக்கு நேரே ‘குறிப்பு’ என்று ஒரே ஒரு கட்டம். யார் வாத்தியார், யார் வாட்ச்மேன் என்று அதில் இல்லை. நாலு மணிக்கு எனக்கு பஸ்.

கடைசியாக வந்து உட்கார்ந்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயைத் திறந்தார். மேல்பல் பழுப்பு, கீழ்ப்பல் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை, புகையிலை பற்றி விசாரிக்கிறவர்கள் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. அது ஒரு மரியாதை. ‘போடுறதுண்டா?’ என்று கேட்டால் போதும், யாருக்கும் புரியும். நானும் அப்படியே கேட்டேன்.

“போடுறதுண்டா?”

“உண்டு சிஸ்டர்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவ?”

“அது இருக்கும், பத்துப் பன்னெண்டு தடவ. பரிச்சை நேரத்துல இன்னும் கூடும்.”

“எத்தனை வருஷமா?”

“இருவது வருஷமா இதேதான்.”

“போட்டா எவ்வளவு நேரம் வாயில வச்சிருப்பீங்க?”

“ருசி தெரியிற வரைக்கும்தான். அப்பறம் துப்பிருவேன்.”

“விட்ருங்க. ஒடம்புக்கு ஆகாது.”

அவர் சிரித்தார். “விட்டுட்டா சோத்துக்கு என்ன பண்றது சிஸ்டர்?”

நக்கலைப் பார், என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு ‘புகையிலை மெல்லும் பழக்கம், இருபது ஆண்டுகள்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். தாளை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தேன். பஸ்ஸையும் பிடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். “என்னையத் தெரியுதா சிஸ்டர்?” என்றார். எனக்கு முகம் ஞாபகம் நிற்காது. “வாயத் திறங்க, தெரியும்” என்றேன். திறந்தார், தெரிந்துவிட்டது.

“நான் பொகையிலையத் தொட்டதுகூட இல்லை சிஸ்டர். நீங்க எதுக்கு அப்படி எழுதுனீங்க?”

“நீங்கதான சொன்னீங்க, போடுறதுண்டுன்னு.”

“டீ போடுறதச் சொன்னேன். நான் அங்க கேன்டீன்ல டீ மாஸ்டர்.”

பேச்சு முழுக்க ஒவ்வொரு வரியாகத் திரும்ப ஓடியது. பத்துப் பன்னிரண்டு தடவை. பரீட்சை நேரத்தில் இன்னும் கூட. வாயில் வைத்துவிட்டுத் துப்புவது எதற்கு என்று கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் போர் தண்ணீர் உப்பாம். ஒவ்வொரு தடவையும் டிக்காஷன் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பால் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு மடக்கு வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவாராம். பாலில்லாத கெட்டி டிக்காஷனை இருபது வருஷம் வாயில் வைத்தால் பல் கறுக்காமல் என்ன செய்யும்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

நடந்ததை அவரே சொன்னார். முகாமுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடக் கக்கூஸுக்குப் பின்னால் புகையிலைப் பாக்கெட்டுகள் கிடந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் என் தாள் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இதற்கு மேல் என்ன விசாரணை என்று மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். அதோடு விடாமல் காலை பிரேயரில் மைக்கில், கேன்டீன் ஊழியர் ஒருவர் புகையிலைப் பழக்கத்துக்காக நீக்கப்பட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். கேன்டீனில் இருந்ததே இரண்டு பேர், இன்னொருவர் பெண்.

“வேலை போனாப் போகுது, நமக்குக் கையில தொழில் இருக்கு” என்றார் அடைக்கலம். “எம் மக பவித்ரா அங்கதான் ஒம்பதாவது படிக்கிது. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துச்சு. பக்கத்துல வந்து என் சட்டைய மோந்து பாத்துச்சு. நான் எல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயிருச்சு. அதுலேருந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டேங்குது சிஸ்டர்.”

அவர் அழவில்லை. நான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நானே சொன்னேன். முழுக்கக் கேட்டார். கையைக் கழுவி, துடைத்துவிட்டு, “நீங்க பாத்து எழுதினீங்களா மேடம், கேட்டு எழுதினீங்களா?” என்றார்.

“கேட்டு எழுதினேன் சார்.”

“என்னன்னு கேட்டீங்க?”

“போடுறதுண்டான்னு.”

“எதைன்னு கேட்டீங்களா?”

“இல்லை சார்.”

அடைக்கலத்தை நாற்காலியில் உட்கார வைத்து, நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை என் கண் முன்னால் செய்தார். முதலில் வாய் கொப்பளிக்கச் சொன்னார். பல்லைப் பார்க்கவே இல்லை. கீழ் உதட்டை இரண்டு விரலால் மடக்கி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தார். புகையிலையை வாயில் ஒதுக்கி வைக்கிறவர்களுக்கு அந்த இடம் வெளுத்து, தண்ணீரில் ஊறின விரல் மாதிரி சுருங்கியிருக்கும். அடைக்கலத்துக்கு அந்தச் சதை சிவப்பாக, வழுவழுப்பாக இருந்தது. வலது கன்னம், இடது கன்னம், நாக்கைத் தூக்கி அடியில், எல்லாம் பார்த்தார். எங்கேயும் அடையாளம் இல்லை. கடைசியாகத்தான் பல்லுக்கு வந்தார். பஞ்சால் துடைத்து, கறையை ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ்ஸை விட்டிருந்தால் எனக்கும் அந்த ஐந்து நிமிஷம் கிடைத்திருக்கும்.

“கறை எதனால வந்துச்சுன்னு பல்லு சொல்லாதுங்க” என்றார் என்னிடம். “டீயும் பழுப்பு, பொகையிலையும் பழுப்பு.”

ஹெட்மாஸ்டருக்கு போன் போட்டோம். புகையிலைப் பழக்கம் இல்லை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள், தாளாளரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றார். டாக்டர் எழுதமாட்டேன் என்றுவிட்டார். ‘பல்லில் கறை இருக்கிறது. காரணத்தைக் கறையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. உதடு, கன்னம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் புகையிலை ஒதுக்கிய அடையாளம் இல்லை.’ இவ்வளவுதான் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், இதப் படிச்சுட்டு அப்ப சந்தேகம்தானேன்னு சொல்லுவாங்க. ஒத்த வரிதான சார், எழுதிட்டா அந்தாளு பொழச்சுக்குவாரு.”

“தெரியாதத எழுதித்தான மேடம் இங்க வந்து நிக்கிறோம்” என்றார். பிறகு அந்தத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். “கறையப் பத்தி எனக்குத் தெரிஞ்சத நான் எழுதிட்டேன். அவரு என்ன சொன்னாரு, நீங்க என்ன எழுதினீங்கன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். அத நீங்க எழுதுங்க.”

எழுதினேன். முப்பது வருஷ சர்வீஸில் என் கையால் என் தப்பை எழுதியது அது ஒன்றுதான்.

பல்லைச் சுத்தம் பண்ணிவிடட்டுமா என்று அடைக்கலத்திடம் கேட்டேன். என்னால் செய்ய முடிகிற ஒரே பரிகாரம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் வேண்டாம் என்றார். “இப்பப் பண்ணுனா கறைய மறைச்சுட்டு வந்துட்டான்னு பேசுவாங்க சிஸ்டர். இருக்கட்டும். எனக்கு வேலையத் திருப்பிக் குடுங்கன்னும் கேக்கல. மைக்ல சொன்னாங்கள்ல, அத மைக்லயே சொல்லச் சொல்லுங்க. அது போதும்.”

ஹெட்மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறேன் என்றார். “நோட்டீஸ் போர்ட ஒம்பதாவது பிள்ளைக படிக்குமா சார்? நீங்க சொல்ல வேண்டாம். எழுதினவ நான், நானே சொல்றேன்” என்றேன். அரை நாள் லீவ் போட்டுக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் போனேன்.

பிரேயர் முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: “முகாமுக்கு வந்து எழுதிக் குடுத்தது நான். கேன்டீன்ல இருந்த அடைக்கலம் அவர்கள்கிட்ட போடுறதுண்டான்னு கேட்டேன். எதைன்னு கேக்கல. அவரு டீ போடுறதச் சொன்னாரு. நான் பொகையிலைன்னு எழுதிட்டேன். அவரு வாயையும் நான் சரியாப் பாக்கல. தப்பு முழுக்க என்னோடது. அவருமேல எந்தத் தப்பும் இல்லை.” டீ போடுவதைச் சொன்னார் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பி.டி. வாத்தியார் விசிலை ஊதி அடக்கினார். அடைக்கலம் கேட் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெட்மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, நாளையில் இருந்து வந்துவிடுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் போகவில்லை. திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடையில் சேர்ந்திருந்தார், அங்கேயே நின்றுவிட்டார். பவித்ராவின் படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாக்கெட்டுகளைப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த மாதம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கறையை எடுத்துக்கொண்டார். திரும்பவும் கறுக்கும் என்றேன். “தொழில் அப்படி” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததில் ஒன்று மட்டும் சொல்ல மிச்சம் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையை விட்டு ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஒல்லி, ரெட்டைப் பின்னல், அப்பாவின் அதே மூக்கு. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

“எங்கப்பா அன்னிக்கே சொல்லுச்சு, டீ போடுறதத்தான் சொன்னேன்னு” என்றாள். “நான் நம்பல. ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தா கரெக்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இப்ப நீங்க வந்து சொன்னீங்க, நம்பிட்டேன்.”

“அதான் சரியாப் போச்சே, போய் அப்பாகிட்ட பேசும்மா” என்றேன்.

அவள் போகவில்லை. “ரெண்டு தடவையும் ஒங்களத்தான் நம்பிருக்கேன் மேடம். எங்கப்பாவ ஒரு தடவகூட நம்பல. நான் எப்புடிப் போய்ப் பேசுறது?”

பெல் அடித்தது. கேட் பக்கம் இருந்து அடைக்கலம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் வகுப்புக்குப் போனாள்.